பதினோரு அடி மேற்கே

செவிலிமேடு,
காஞ்சிபுரம்
6-1-1974

அன்புள்ள தையல்நாயகிக்கு,

மாமா கலியாணசுந்தரம் எழுதுவது. பொங்கல் வாழ்த்து அட்டையைத் தவிர நான் உனக்கு எதுவும் எழுதியதில்லை. அதனால் உறையைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நீ நினைத்திருக்கலாம். அப்படி ஒன்றுமில்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறார்.

ஒரு தொழில்முறை உதவி கேட்கிறேன். கேட்பது முறைதானா என்று தெரியவில்லை. முறையில்லை என்றால் பதில் எழுத வேண்டாம். நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஐப்பசியிலிருந்து இங்கே பாதாள சாக்கடைக்காகத் தெருக்களைத் தோண்டினார்கள். குழாய் பதித்து, அள்ளிய மண்ணையே போட்டு மூடியிருக்கிறார்கள். தெற்கு வீதி முழுவதும் அப்படித்தான் கிடக்கிறது. தார் போடுவது கோடைக்குப் பிறகுதானாம். பங்குனியில் நம் கோயில் தேர் அந்த வழியாக வர வேண்டும். தர்மகர்த்தா திருஞானசம்பந்தம் என்னைத் தேடி வந்தார். "காலேஜ்ல வருஷக்கணக்கா மண்ணப் பத்தியே பாடம் நடத்துனவராச்சே. தேரு அமுங்குமா அமுங்காதா, ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். ஒரே வார்த்தையில் சொல்வது எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

நான் பாடம் நடத்தியது கட்டடங்களைப் பற்றி. கட்டடம் ஒரே இடத்தில் இருக்கும். உருளும் சக்கரத்தின் கீழ் மண் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கு முழுமையாகத் தெரியாது. தெரிந்தவர்போல் பேசவும் வரவில்லை. கல்லூரி நூலகத்தில் போன மாதம் ஒரு கட்டுரை பார்த்தேன். நெல் வயல் சேற்றில் டிராக்டர் சக்கரம் எவ்வளவு இறங்கும் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் உன் பெயர் இருந்தது. டிராக்டருக்குச் செய்ததைத் தேருக்கும் செய்ய முடியுமா?

அன்புடன்,
மாமா


சென்னை
12-1-1974

மாமா அவர்களுக்கு,

யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

நன்றி சொல்லும் வரியில் என் பெயர் இருந்தது உண்மை. அந்தப் புரோகிராமை முதல் துளைக் கார்டிலிருந்து கடைசிக் கார்டுவரை எழுதியவள் நான். அதை விடுங்கள்.

முடியும். டிராக்டரைவிடத் தேர் சுலபம். டிராக்டர் சக்கரம் தானே சுழன்று மண்ணைப் பின்னால் தள்ளும். தேர்ச் சக்கரம் சும்மா இழுபட்டு உருள்கிறது. மெஷின் செய்வது இவ்வளவுதான்: சக்கரத்தின் அடிப்பாகத்தை மெல்லிய பட்டைகளாக வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பட்டையும் மண்ணில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப மண் எதிர்த்துத் தாங்கும். எல்லாவற்றையும் கூட்டினால் சக்கரத்தின் பாரத்துக்குச் சமமாக வர வேண்டும். வரவில்லை என்றால் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி மறுபடி கூட்டும். சமமானதும் ஓரங்குலம் முன்னே நகர்த்தி முதலிலிருந்து தொடங்கும். சலிக்காது. அதுதான் அதன் ஒரே சாமர்த்தியம். மண்ணைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்வதை நான் அதற்குச் சொல்வேன்.

ஆகவே நீங்கள்தான் மண்ணை அமுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு அளவில் இரும்புத் தகடுகள், எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு இறக்கம் என்ற அளவுகள். பழைய தரையில், மூடிய பள்ளத்தில், இரண்டிலும். தேரின் எடை, சக்கரங்களின் அளவு, இடைவெளி. பிறகு தெருவின் படம்.

இங்கே மெஷினைப் பயன்படுத்தப் புரொபசர் சம்மதித்துவிட்டார். "கோயில் தேரா? நல்ல டெஸ்ட் கேஸ்" என்றார்.

என் பெயர் ஊருக்குள் வர வேண்டாம். யாரை நினைத்துச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தையல்நாயகி


செவிலிமேடு
27-1-1974

அன்புள்ள தையல்நாயகிக்கு,

அளவுகளைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். எண்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார். என் ஏழு சிலருக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பார்கள்.

கருங்கல் ஏற்றிய லாரி ஒன்றை நிறுத்தி, அதன் அடியில் ஜாக்கி வைத்துத் தகட்டை மண்ணுக்குள் அழுத்தினோம். எனக்குத் துணையாகத் தேருக்கு முட்டுக்கட்டை போடும் ராஜகோபால் வந்திருந்தார். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தின் முன்னால் அவர் கட்டை போடுகிற விதத்தில்தான் இருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டது. தெற்கு வீதிக் கிருஷ்ணவேணி, "ஏம்பா, மூடுனத மறுபடியும் தோண்டறீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, அமுக்கிப் பாக்கறோம்" என்றேன். "அமுக்கிப் பாக்க இதென்ன மாம்பழமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தேரை யாரும் எடைபோட்டதில்லை. மரத்தின் கன அளவை எடுத்து, அலங்காரம், மேலே ஏறும் குருக்கள்மார் எல்லாம் சேர்த்து முப்பது டன் என்று போட்டிருக்கிறேன். இருபத்தெட்டாக இருக்கலாம், முப்பத்திரண்டாகவும் இருக்கலாம். சக்கரம் ஏழடி உயரம், ஓரடி அகலம்.

தெருப்படமும் இருக்கிறது. பெரிய குழாய் தெரு நடுவில் போகிறது. தேர்ச் சக்கரங்களுக்கு இடையில் வந்துவிடும், பாதகமில்லை. அதிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் கிளைப் பள்ளங்கள்தான் சக்கரத்தின் கீழ் வருகின்றன. ஒவ்வொன்றும் மூன்றடி அகலம். எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன்.

மூன்றாவது சோதனையில் எனக்குச் சந்தேகம் இருந்ததால் அதை மறுபடி செய்தேன். இரண்டையும் அனுப்புகிறேன். எது சரி என்று நீயே முடிவு செய்.

மாமா


சென்னை
5-2-1974

மாமா அவர்களுக்கு,

இரண்டும் சரிதான். உங்கள் ஏழும் ஏழாகவே இருக்கிறது. இவ்வளவு சுத்தமான அளவுகள் இங்கே யாரும் கொண்டுவருவதில்லை.

விடை: பழைய தரையில் சக்கரம் ஓரங்குலத்துக்குள். கிளைப் பள்ளங்களைக் கடக்கும்போது இரண்டரை அங்குலம். இறங்கிய சக்கரம் ஏறி வரக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும். தேர் போகும்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தெருப்படத்தில் கிளைப் பள்ளங்கள் இருக்கின்றன. விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. ஒரு வேப்பமரம்கூட இருக்கிறது. தேர் நிற்கும் இடம் இல்லை.

தெற்கு வீதியில் தேர் நிற்காமல் போனதாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே முன்சக்கரம் வந்ததும் நிற்கும். அம்மா பட்டு சாத்தக் கொடுப்பார், சக்கரத்தடியில் தேங்காய் உடையும், தீபாராதனை, பிரசாதம். இருபது நிமிடம் ஆகும். கூட்டம் அதிகமென்றால் அரை மணி.

நீங்கள் எழுதவில்லை. படம் வந்த அன்றே எனக்கு அது தெரிந்தது, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வீட்டின் பெயரை எடுக்காமலிருக்கப் பார்த்து, எங்குமே நிற்காத ஒரு தேருக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். அப்படி ஒரு தேர் காஞ்சிபுரத்தில் இல்லை.

உருளும் சக்கரம் மண்ணுக்கு அதிக நேரம் கொடுப்பதில்லை. நிற்கும் சக்கரம் கொடுக்கும். நிற்கும் இடத்தையும் அங்குள்ள மண்ணையும் எழுதுங்கள்.

தையல்நாயகி


செவிலிமேடு
11-2-1974

அன்புள்ள தையல்நாயகிக்கு,

நீ சொல்வது சரி. வேப்பமரத்தைக் குறித்தவன் அதைக் குறிக்கவில்லை. காரணத்தை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

சங்கடம் என்னவென்றால், உன் கடிதம் வந்த கையோடு "போகும்" என்று தர்மகர்த்தாவிடம் சொல்லிவிட்டேன். வாழ்நாளில் ஒரு முறை ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அதுவும் இப்படி.

ஜாக்கியை அப்படியே அழுத்தத்தில் விட்டு, தகடு எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் டயலை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தரையில் முள் சற்று நகர்ந்து நின்றுவிட்டது. பள்ளத்தில் நிற்கவே இல்லை. அளவுகள் இணைப்பில். சோதனை செய்த பள்ளம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். தேர் நிற்கும்போது இடப்பக்க முன்சக்கரம் சரியாக ஒரு கிளைப் பள்ளத்தின் மேல் வருகிறது. அது உன் அம்மா வீட்டுக்குப் போகும் கிளை. தெருவில் முதல் இணைப்பு தனக்குத்தான் வேண்டுமென்று அக்கா நகராட்சி ஆபீசில் போய் உட்கார்ந்து வாங்கியது.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வாசலில் தேரை நிறுத்திப் பட்டு சாத்தும் அந்த மண்டகப்படி உரிமை இப்போது பழைய மாதிரி இல்லை. எதிர்ச்சாரியில் கமலாட்சி வீட்டார் தங்கள் வாசலில் தேர் நிற்க வேண்டுமென்று இரண்டு வருடமாக மனு கொடுத்துவருகிறார்கள். ஒரு வருடம் உங்கள் வாசலில் நிற்காமல் போனால் மறு வருடம் அது அவர்களுக்குப் போய்விடும். அக்காவுக்கு வருடம் முழுவதும் அந்த ஒரு நாள்தான். தைப்பூசம் முடிந்ததுமே பட்டை எடுத்துவைத்துவிட்டார்.

கணக்கு நல்லபடியாக வரட்டும் என்று எழுத நினைத்தேன். அப்படி எழுதுவது முறையல்ல. வருகிறபடி வரட்டும்.

மாமா


சென்னை
20-2-1974

மாமா அவர்களுக்கு,

அது நல்லபடியாக வரவில்லை.

தேர் நின்றதும் அந்தச் சக்கரம் மூன்றங்குலத்தில் இருக்கும். பிறகு மெதுவாக இறங்கும். இறங்கினால் தேர் வீட்டுப் பக்கம் சாயும். சாய்ந்தால் பாரம் அதே சக்கரத்துக்கு மாறும். மாறினால் இன்னும் இறங்கும். ஒன்பது அங்குலத்தில் தேரின் உச்சி நாலடி உங்கள் அக்கா வீட்டுக் கூரைப் பக்கம் வந்திருக்கும். அதற்கு மேல் கணக்கு முடியவில்லை. எவ்வளவு இறக்கியும் சமமாகாமல் ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் மெஷின் நிறுத்திவிட்டது. தேர் நின்று இருபது நிமிடம் ஆவதற்கு முன்னாலேயே.

எடையை இருபத்தெட்டு டன்னாக வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தாமதமாக அதே இடத்துக்குத்தான் வருகிறது.

அம்மா வாசலில் தேர் நிற்கக் கூடாது என்று சொல்லும் கணக்கைப் போட்டவள் நான். வேறு யாராவது போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குள் எங்கோ இந்த விடை வேண்டியிருந்து, அதற்கேற்ப ஒரு கார்டில் கை தவறியிருக்குமோ என்று எல்லாக் கார்டுகளையும் பார்த்தேன். பிறகு என்னுடன் வேலை செய்யும் ஒருவரிடம் உங்கள் எண்களை மட்டும் கொடுத்துத் தனியாகப் போடச் சொன்னேன். அவருக்குக் காஞ்சிபுரத்தில் யாரும் இல்லை. அதே விடை.

தர்மகர்த்தாவிடம் சொல்லிவிடுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். "வீட்ட விட்டுப் போனது போதாதுன்னு தேரையும் வாங்கிக்கினு போயிட்டா" என்பார் அம்மா.

தையல்நாயகி


செவிலிமேடு
27-2-1974

அன்புள்ள தையல்நாயகிக்கு,

சொல்லிவிட்டேன். தர்மகர்த்தா தேருக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, "அப்போ அந்த வாசல்ல நிறுத்தாம இழுத்துக்கினு போயிட வேண்டியதுதான். பெரியநாயகி அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார், கூடப் பொறந்தவரு நீங்க" என்றார். அவரும் கூட வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வந்தார். வாசலோடு நின்றுவிட்டார்.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து பாவுநூலில் அறுந்த இழை பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எந்த மெஷினு?"

"மெட்ராஸ்ல, கம்ப்யூட்டர்னு ஒண்ணு, அக்கா."

"அது நம்ம தேரப் பாத்திருக்குதா?"

"இல்ல."

"தெருவ?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதப் பாத்து நிக்கக் கூடாதுன்னு சொல்லுது?"

"நான் அனுப்புன நம்பரப் பாத்து."

"அப்படிச் சொல்லு. நீ தப்பா அனுப்பியிருப்ப. சின்ன வயசுல கொத்தமல்லி வெதை வாங்கியாரச் சொன்னா வெந்தயம் வாங்கியாந்தவன்தானே நீ."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம் என்று தோன்றியது. மறுநாள் போய் அந்தப் பள்ளத்தில் மறுபடி சோதித்தேன். எண்கள் மாறவில்லை. அதையும் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை அக்கா கேலி செய்யவில்லை. "நிக்காதுன்னா போவட்டும்பா. அன்னிக்கி நான் கதவ சாத்திக்கினு உள்ளேயே இருந்துடறேன்" என்றார். பட்டு மேசைமேல் இருந்தது. அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

பலகையோ பனந்துண்டோ பரப்பி அதன்மேல் சக்கரத்தை நிறுத்தினால் பாரம் பரவாதா? ராஜகோபால் தலையை ஆட்டுகிறார், காரணம் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உனக்கு நேரம் இருந்தால் பார்.

மாமா


சென்னை
6-3-1974

மாமா அவர்களுக்கு,

பலகையைக் கணக்குப் போட்டேன். பாரம் பரவும். ஆனால் சக்கரம் பலகையின் ஓரத்தில் ஏறும்போது அதன் மறுமுனை தூக்கும். ராஜகோபால் போடும் முட்டுக்கட்டையும் பலகைமேல் பிடிக்காமல் வழுக்கும். பிடிக்காத முட்டுக்கட்டையோடு முப்பது டன் தேரை நிறுத்துவதைவிட நிறுத்தாமலே இருக்கலாம். பலகை வேண்டாம்.

இன்னொன்று பார்த்தேன். தேர் மேற்கே போகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே பதினைந்தடி. நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் மேற்கே தள்ளினால், முன்சக்கரம் பள்ளத்தைக் கடந்து பழைய தரைக்குப் போய்விடும். பின்சக்கரம் பள்ளத்துக்கு இன்னும் வந்திருக்காது. பள்ளம் இரண்டுக்கும் நடுவில் சும்மா கிடக்கும். நாலு சக்கரமும் கெட்டி மண்ணில். அரை மணி நின்றாலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்காது.

எட்டடி தள்ளினால் நடுவாக இருக்கும். ஆனால் எட்டடியில் சுவர்தான் இருக்கிறது. சுவருக்கு முன்னால் நிற்கும் தேரை வாசலில் நின்றதாகக் கமலாட்சி வீட்டார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பதினோரு அடியில் மேற்கு அறையின் வாசல் இருக்கிறது. அதே வீடு. அதுவும் தெருவைப் பார்த்த வாசல்தான்.

நான் கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போன அன்று அந்த வாசல் வழியாகத்தான் போனேன். அதற்குப் பிறகு பலகை அடித்து மூடிவிட்டார்கள் என்று நீங்கள்தான் யாரிடமோ சொல்லி, அது என் காதுக்கு வந்தது. இன்னும் மூடித்தான் இருக்கிறதா?

கணக்கு இவ்வளவு சொல்லும். கதவைத் திறப்பது கணக்கில் வராது.

தையல்நாயகி


செவிலிமேடு
14-3-1974

அன்புள்ள தையல்நாயகிக்கு,

உன் பெயரை நான் சொல்லவில்லை. முதலிலேயே அதை எழுதிவிடுகிறேன்.

தாளில் வீட்டையும் தெருவையும் தேரின் சக்கரங்களையும் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நான் விளக்கினேன். எட்டடி தள்ளினாலே போதும், ஆனால் அங்கே சுவர், அதனால் பதினோரு அடி, அங்கே மேற்கு வாசல் என்று, நீ எழுதியிருந்ததையே வரிசையாகச் சொன்னேன்.

"பதினோரு அடின்னு யாரு சொன்னது?"

"மெஷின், அக்கா."

"சுந்தரம். எட்டடியில செவுரு, பதினோரு அடியில வாசல்னு மெஷினுக்கு எப்படிப்பா தெரியும்?"

நான் தாளில் சக்கரத்தின் மேலேயே மறுபடி கோடு இழுத்தேன்.

"வெளிய பூசி சுண்ணாம்பு அடிச்சாச்சு. வாசல் இருந்த எடமே தெரியாது. பக்கத்து வீட்டு கிருஷ்ணவேணியே மறந்துட்டா. நீ அனுப்புன படத்துல அது இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன். நீ பெயரைச் சொல்லக் கூடாது என்றாய்; பொய் சொல் என்று சொல்லவில்லை. எனக்குப் பொய்யும் வராது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"ஆபீசுல மதிப்பா வச்சிருக்காங்களா?"

"புஸ்தகத்துல பேர் அச்சாயிருக்குது, அக்கா."

"எங்க?"

"கடைசியில."

"கடைசியிலயா?" என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. வரைந்த தாளைத் திருப்பித் தரவும் இல்லை. நேற்று தெற்கு வீதி வழியாக வந்தபோது தச்சர் ஒருவர் மேற்குச் சுவரில் காரையைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பழைய தறிக்கட்டைகளையெல்லாம் தெருவில் எடுத்துப் போட்டிருந்தது. தர்மகர்த்தா ஒப்புக்கொண்டுவிட்டார். தேர் நிற்கும். ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று நான்தான் கை காட்ட வேண்டுமாம். ஆயிரம் பேர் இழுக்கும் தேரை நான் எப்படி நிறுத்துவேன்? கொல்லையில் நின்று கை காட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாமா


சென்னை
18-3-1974

மாமா அவர்களுக்கு,

குறித்த இடத்துக்கு ஓரடி முன்னே பின்னே நின்றால் பரவாயில்லை. மேற்கே இரண்டடி தாண்டிவிட்டால் பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிடும். அப்போது நிறுத்தக் கூடாது, இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கு வாசற்படியின் இடது மூலைக் கல் ஆடும். தட்டோடு நிற்பவர்களுக்குக் கால் தடுக்கும். சிமெண்ட் வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாக வேண்டாம். சொல்லாவிட்டாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவார், பரவாயில்லை.

நீங்கள் எழுதியதில் "கடைசியிலயா" என்ற இடத்தை மட்டும் என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். அவர் மலையாளி, முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் சிரித்தார்.

தையல்நாயகி


செவிலிமேடு
2-4-1974

அன்புள்ள தையல்நாயகிக்கு,

தேர் நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்ந்தது. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். காரணத்தைக் கீழே காண்க.

முதல் நாள் மாலையே நானும் ராஜகோபாலும் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டோம். தேரன்று காலையில் போய்ப் பார்த்தால் கோடு இல்லை. தேர் வருகிறதென்று தெரு முழுக்கச் சாணம் தெளித்து, வீட்டுக்கு வீடு கோலம் போட்டிருந்தார்கள். நம் கோடு இருந்த இடத்தில் கிருஷ்ணவேணி ஒரு பெரிய தாமரை போட்டிருந்தார். "கோடா? யாரோ கொழந்தைங்க கிறுக்கினதுன்னு நெனச்சேன்பா" என்றார். உன் புரோகிராமிலும் என் பரிசோதனையிலும் கோலம் வரவில்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி அளக்க நாடாவை எடுப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது. வாத்தியம், வடம், தூசி. என் கையில் சிவப்புத் துண்டு ஒன்று இருந்தது. அதை வீசினால் ராஜகோபால் கட்டை போடுவதாக ஏற்பாடு. முன்னால் நின்றவர்கள் என்னை மறைத்துவிட்டார்கள். கோடும் இல்லை, துண்டும் தெரியாது. அப்போது அக்கா மேற்கு வாசலில் வந்து நின்றார். தட்டில் பட்டு. புதிதாகப் பூசிய படியில், வாசல் நிலைக்கு நட்ட நடுவில், நான் வரைந்து கொடுத்த படத்தில் வாசலுக்குப் போட்டிருந்த புள்ளி எங்கே இருந்ததோ சரியாக அங்கே. அந்தத் தாளை அவர் எத்தனை தடவை பார்த்தாரோ தெரியாது. அசையவே இல்லை. நான் அக்காவையும் முன்சக்கரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அச்சு அவருக்கு நேரே வந்ததும், "நிறுத்து!" என்று கத்தினேன். கல்லூரியில் என் குரல் கடைசி பெஞ்சுக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. ராஜகோபால் கட்டையைப் போட்டார். தேர் ஒரு முனகல் முனகி நின்றது.

எல்லோரும் மேலே சுவாமியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அக்கா பட்டைக் கொடுத்துவிட்டுச் சக்கரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாராதனைக்கும் தலை நிமிரவில்லை. நானும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நின்றது. சாயவில்லை. கமலாட்சி வீட்டார் எதிர்ச்சாரியில் நின்று, வாசலா சுவரா என்று எட்டிப் பார்த்தார்கள். வாசல்தான்.

தேர் நகர்ந்தபின் தடத்தை அளந்தேன். ஓரங்குலம். நீ சொன்னது ஒன்றரை. பழைய தரையின் கெட்டித்தன்மையை நான் குறைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பிழை என்னுடையதாகத்தான் இருக்கும்.

இதை அக்காவிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த பிழை. "அரை அங்குலம் தப்பா?" என்று கேட்டார். அவ்வளவு வித்தியாசம் சகஜம் என்றேன். "சகஜமாவது. உனக்கு எழுதத் தெரியுமில்ல? எழுது. கணக்குல அரை அங்குலம் தப்பு. நீ அளந்தத நான் நம்பல, நீ வெந்தயம் வாங்கியாந்தவன். கணக்குப் போட்டவளையே நேர்ல வந்து அளந்துட்டுப் போவச் சொல்லு. அந்த மனுஷனும் வரட்டும், நாடாவோட ஒரு முனையப் புடிக்க ஆள் வேணுமில்ல" என்றார். சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

நேற்று நகராட்சி ஆட்கள் தேர்த்தடத்தை நிரவிக்கொண்டே வந்தார்கள். தெரு முழுவதும் மூடிவிட்டார்கள். மேற்கு வாசலுக்கு எதிரே மட்டும் விடவில்லை. அக்கா அந்தத் தடத்தின்மேல் முறத்தைக் கவிழ்த்து, நாலு பக்கமும் கல் வைத்திருக்கிறார். வண்டிகள் சுற்றிக்கொண்டு போகின்றன.

மாமா


சென்னை
6-4-1974

மாமா அவர்களுக்கு,

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். அதுவரை முறத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மழை வந்தால் தடம் கரைந்து அளவு மாறிவிடும். மேலே ஒரு சாக்கும் போடச் சொல்லுங்கள்.

எந்த வாசல் வழியாக வருவது என்று கேட்டு எழுதுங்கள்.

தையல்நாயகி